சிகரப் பட்டியலில் இன்னொரு கட்டமும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் 'நாடுகளும் உயரமான சிகரங்களும்' என்று ஒரு முழுப்பக்க அட்டவணை வந்திருந்தது. நாடு, சிகரம், உயரம் என்று மூன்றே கட்டம், வெட்டி வைத்துக்கொள்ள வசதியாகச் சுற்றிலும் புள்ளிக்கோடு. இங்கே தங்கச்சிமடத்தில் மாலை நேரத்தில் நான் பாடம் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் அதை வெட்டி நோட்டில் ஒட்டிவிட்டார்கள். குரூப் 4 எழுதப் போகிறவர்கள் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் சுற்ற விட்டுவிட்டார்கள், அது ஏர்வாடி, சாயல்குடி வரை போய்த் திரும்ப எனக்கே வந்து சேர்ந்தது. குறை சொல்வதற்காக எழுதவில்லை என்று ஆரம்பிப்பதுதான் மரியாதை, ஆனால் குறை சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதலில் இலங்கை வரி. ஆதாம் சிகரம், 2243 மீட்டர் என்று போட்டிருக்கிறீர்கள். உயரம் சரி, மலைதான் மாறிவிட்டது. இலங்கையில் மிக உயரமானது நுவரெலியாவை ஒட்டி இருக்கும் பிதுருதலாகலை, 2524 மீட்டர். வேறு ஊர்ப் பிள்ளைகள் இதைத் தப்பாகப் படித்தால் போகட்டும் என்று விடலாம், ஆனால் தனுஷ்கோடிக்கு ராமநாதபுரத்தைவிடத் தலைமன்னார் கிட்ட. பக்கத்து வீட்டு மலையையே மாற்றிச் சொன்னால் எப்படி?

குழப்பம் ஏன் வருகிறது என்றும் புரிகிறது. ஆதாம் சிகரம் சுற்றிலும் தாழ்ந்த மலைகளுக்கு நடுவே கூம்பாகத் தனித்து நிற்கும், தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். அதன் உச்சியில் ஒரு பாதச்சுவடு. சைவர்களுக்கு அது சிவனொளிபாதமலை, முஸ்லிம்களுக்கு பாவா ஆதம் மலை, பௌத்தர்களுக்கு புத்தரின் பாதம். ராமேஸ்வரத்திலேயே ஆதம் நபியின் மகன்களான ஆபில், காபில் பெயரில் தர்கா இருப்பதால் ஆதம் நபி இறங்கிய மலை என்ற பேச்சு எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே பழக்கம். பிதுருதலாகலைக்கு இந்தப் பெருமை எதுவும் இல்லை. நுவரெலியா ஊரே கடல் மட்டத்திலிருந்து 1800 மீட்டருக்கு மேல் இருப்பதால், அங்கே நின்று பார்ப்பவருக்கு அந்த மலை ஊருக்குப் பின்னால் இருக்கும் ஒரு சாதாரண மேடு மாதிரிதான் தெரியும். இரண்டாயிரத்து ஐந்நூறு மீட்டரில் முக்கால்வாசியை ஊருக்குப் போகும் ரோட்டிலேயே ஏறி முடித்துவிடுகிறோம் இல்லையா, அதனால்.

ஆனால் பிதுருதலாகலையோடு எங்கள் கரைக்கு வேறு ஒரு பழக்கம் உண்டு. எண்பதுகளில் இந்தப் பக்கத்துக்கு தூர்தர்ஷன் ஒழுங்காக எட்டாத காலத்தில், கூரை மேல் உயரமாகக் கம்பி நட்டு ஆன்டெனாவைத் தெற்கே திருப்பி இலங்கைத் தொலைக்காட்சியான ரூபவாகினி பார்த்த வீடுகள் பாம்பனிலும் மண்டபத்திலும் எத்தனையோ. 1982-இல் தொடங்கிய அந்தத் தொலைக்காட்சிக்கு முக்கியமான ஒளிபரப்புக் கோபுரங்களில் ஒன்று பிதுருதலாகலை உச்சியில்தான் இருக்கிறது. அதனால்தான் அங்கே ராணுவக் காவல், நினைத்த நேரத்தில் யாரும் ஏறிப் போக முடியாது. கிரிக்கெட் பார்த்த பெரியவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், ஆதாம் சிகரத்தை உடனே மறந்துவிடுவார்கள்.

இதில் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்ததற்குக் காரணம் வேறு. ஒரு வினாடி வினாப் போட்டியில் எங்கள் பிள்ளை ஒருத்தி இந்தக் கேள்விக்கு பிதுருதலாகலை என்று சரியாகச் சொன்னாள். நடத்தியவர் கையில் இருந்தது உங்கள் பக்கம். தப்பு என்று சொல்லிக் கேள்வியை அடுத்த அணிக்குக் கொடுத்துவிட்டார். பேப்பரில் வந்திருக்கிறதே என்று அவர் சொல்லும்போது நாம் என்ன சொல்ல முடியும்? அச்சில் வந்ததற்கு இந்த ஊரில் இன்னும் அவ்வளவு மதிப்பு இருக்கிறது, அந்த மதிப்பை நினைத்தாவது கொஞ்சம் சரிபார்த்துப் போடுங்கள்.

சரி, இந்தியாவுக்கு வருகிறேன். இந்தியாவுக்கு நேராக கே2, 8611 மீட்டர். கொஞ்சம் கீழே பாகிஸ்தானுக்கு நேராகவும் கே2, 8611 மீட்டர். பிள்ளைகள் இதைப் பார்த்துவிட்டு அச்சுப்பிழையா என்று கேட்டார்கள். அச்சுப்பிழை இல்லை, ஆனால் ஒரு வரி விளக்கம் இல்லாமல் இப்படிப் போட்டால் பிழை மாதிரித்தான் தெரியும். இந்திய அரசின் வரைபடப்படி கில்கித் பால்டிஸ்தான் இந்தியாவுடையது, அதன்படி கே2-வும் இந்தியாவில் வரும். நடைமுறையில் அந்தப் பகுதி பாகிஸ்தான் கையில், மலையின் மறுபக்கம் சீனாவின் கையில். தகராறு இல்லாமல் இந்தியா சொல்லிக்கொள்ளக்கூடிய உயரமான சிகரம் கஞ்சன்ஜங்கா, 8586 மீட்டர் (சில பாடநூல்களில் இதுவே 8598 என்று இருக்கும், அதற்கும் ஒரு வரி தேவை). அதிலும் பாதி நேபாளத்துக்கு, ஏனென்றால் சிக்கிம் நேபாள எல்லைக்கோடு அந்த உச்சி வழியாகவே போகிறது. முழுக்க முழுக்க இந்திய மண்ணுக்குள் நிற்பது எது என்று கேட்டால் உத்தராகண்டில் உள்ள நந்தா தேவி, 7816 மீட்டர். ஆக மூன்று விடை. கேள்வி எப்படிக் கேட்கப்படுகிறதோ அதைப் பொறுத்து மூன்றுமே சரி.

இன்னொன்று. சிக்கிம் 1975-இல்தான் இந்தியாவின் மாநிலம் ஆனது. அதற்கு முன்னால் கஞ்சன்ஜங்கா சிக்கிம் மன்னருடைய நாட்டு எல்லையில் இருந்தது. 1955-இல் முதன்முதலாக அதில் ஏறிய பிரிட்டிஷ்காரர்கள், சிக்கிம் மக்கள் தெய்வமாகக் கும்பிடும் மலை என்பதால், கொடுத்த வாக்குப்படி உச்சிக்குச் சில அடி கீழேயே நின்றுவிட்டுத் திரும்பினார்கள். அவ்வளவு தூரம் போய் அந்தக் கடைசி அடிகளை விட்டுவிட்டு வர எவ்வளவு மனசு வேண்டும், அதைப் போட்டிருந்தால் பிள்ளைகள் ஆர்வமாகப் படித்திருப்பார்கள். அந்தக் காலத்தில் பள்ளிக்கூடம் போன பெரியவர்கள் நந்தா தேவி என்று விடை சொன்னால் இன்றைய பிள்ளைகள் சிரிக்கிறார்கள். தாத்தா படித்தபோது அந்த விடைக்கு முழு மார்க் கிடைத்திருக்கும்.

இதைப் பிள்ளைகளுக்குப் புரிய வைக்க இமயமலைக்கெல்லாம் போகவே வேண்டாம். எங்கள் மாவட்டமே போதும். இன்றைக்கு ராமநாதபுரம் மாவட்டத்தில் மலை என்று காட்டப் பெரிதாக ஒன்றும் கிடையாது. ராமேஸ்வரம் தீவின் உயரமான இடம் என்று எல்லோரும் ஏறிப் பார்ப்பது ராமர் பாதம் இருக்கும் கந்தமாதன பர்வதம், பெயரில்தான் பர்வதம், மணல் மேட்டின் மேல் ஒரு மண்டபம். ஆனால் 1985-க்கு முன்னால் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் எல்லாம் ராமநாதபுரம் மாவட்டம்தான். மேற்குத் தொடர்ச்சி மலை வரைக்கும் எங்கள் மாவட்டம் போனது. 1985-இல் சிவகங்கையும் விருதுநகரும் தனித்தனி மாவட்டங்களாகப் பிரிந்ததும் மலை முழுவதும் அவர்கள் பக்கம் போய்விட்டது, எங்களுக்குக் கடல். இதைச் சொன்ன மறுநிமிடம் சிக்கிம் விஷயம் எட்டாம் வகுப்புப் பையனுக்கும் புரிந்துவிட்டது.

எல்லைக்கோடு எப்படி விளையாடும் என்பதற்கு பின்லாந்தைப் பாருங்கள். அந்த நாட்டின் மிக உயரமான இடம் ஹால்தி என்ற மலையின் சரிவில் 1324 மீட்டரில் இருக்கிறது. கவனியுங்கள், சரிவில். உச்சி 1365 மீட்டர், அது நார்வே பக்கம். 2017-இல் பின்லாந்து சுதந்திரம் அடைந்து நூறு வருஷம் ஆகப் போவதை ஒட்டி, எல்லையைச் சில பத்து மீட்டர் நகர்த்தி, பக்கத்தில் உள்ள 1331 மீட்டர் முகட்டைப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்துவிடலாம் என்று நார்வேக்காரர்களே கிளம்பினார்கள். யோசனையைக் கிளப்பியது ஓய்வு பெற்ற ஒரு நில அளவையாளர். பொதுமக்கள் ஆயிரக்கணக்கில் ஆதரித்தார்கள். கடைசியில் நார்வே அரசு முடியாது என்று சொல்லிவிட்டது. நாடு பிரிக்க முடியாதது என்று அரசியல் சட்டத்தில் இருக்கிறது, ஒரு முகட்டைக்கூட எடுத்துக் கொடுக்க முடியாது என்று காரணம். 1974-இல் கச்சத்தீவு போனதைப் பற்றித் தினமும் பேசும் ஊரில் உட்கார்ந்து இதைப் படித்தால் என்ன தோன்றும் என்று நான் எழுத வேண்டியதில்லை. அது வேறு கடிதத்துக்கான விஷயம்.

வளைகுடா நாடுகளின் வரிகளையும் பாருங்கள். கீழக்கரையிலிருந்து தொண்டி வரைக்கும் வீட்டுக்கு ஒருவர் அங்கே இருக்கிறார் என்று சொன்னால் பெரிய மிகை இல்லை, பிள்ளைகள் அந்த வரிகளைத்தான் முதலில் தேடுகிறார்கள். ஐக்கிய அரபு அமீரகத்துக்கு ஜபல் ஜெய்ஸ் என்று போட்டிருக்கிறீர்கள். ராஸ் அல் கைமாவில் வேலை பார்ப்பவர்கள் விடுமுறை நாட்களில் கார் எடுத்துக்கொண்டு ஏறும் மலைதான் அது, ஆனால் அதன் உண்மையான உச்சி ஓமான் எல்லைக்குள் இருக்கிறது. இங்கேயும் ஹால்தி கதைதான். சவுதிக்கு ஜபல் சவ்தா என்று பல வருஷமாகப் பட்டியல்களில் வருகிறது, உங்களுடையதிலும் அதே. 2018-இல் மலையேறுபவர்கள் கருவி கொண்டுபோய் அளந்தபோது ஜபல் ஃபெர்வா என்ற இன்னொரு மலை 3002 மீட்டர் வந்தது, சவ்தா அதைவிடச் சில மீட்டர் குறைவு. கத்தாரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, நாட்டிலேயே உயரமான இடம் சுமார் 100 மீட்டர். சிங்கப்பூரில் புக்கிட் தீமா, 163 மீட்டர், அது சரியாகத்தான் போட்டிருக்கிறீர்கள்.

இப்போது உயரம் என்ற கட்டத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தக் கரையில் நின்று படிக்கும் பிள்ளைகளுக்கு அதில்தான் பெரிய சந்தேகம். 'கடல் மட்டத்திலிருந்து' என்று அட்டவணைக்கு மேலே போட்டிருக்கிறீர்கள். டீச்சர், எந்தக் கடல் மட்டம் என்று ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி. பாம்பன் பாலத்தில் நின்றால் ஒரு பக்கம் பாக் நீரிணை, இன்னொரு பக்கம் மன்னார் வளைகுடா. ஒன்று அலையடிக்கும்போது இன்னொன்று அமைதியாக இருக்கும், பெண் கடல் ஆண் கடல் என்று பெயரே வைத்திருக்கிறோம். காலையில் தரை தெரியும் இடத்தில் மாலையில் முழங்கால் தண்ணீர். இதில் மட்டம் எங்கே இருக்கிறது?

அதற்கு விடை இருக்கிறது, அழகான விடை. துறைமுகங்களில் கடல் ஏறி இறங்குவதை வருஷக்கணக்கில் குறித்து வைத்து, அதன் சராசரியை எடுத்துக்கொண்டார்கள். இந்தியாவுக்கான மட்டம் 1909-இல் இப்படி ஒன்பது துறைமுகங்களின் அளவுகளிலிருந்து முடிவானது. கராச்சி, மும்பை, கொச்சி, விசாகப்பட்டினம் எல்லாம் அதில் உண்டு, நம் பக்கத்தில் சென்னையும் நாகப்பட்டினமும். ரயில் நிலையங்களின் மஞ்சள் பலகையில் ஊர்ப் பெயருக்குக் கீழே சின்னதாக ஒரு உயரம் எழுதியிருப்பார்களே, அது இந்த மாதிரி மட்டத்திலிருந்துதான். நாகப்பட்டினத்தில் அலை எவ்வளவு ஏறியது என்று குறித்த கணக்கும் சேர்ந்துதான் நாட்டின் மலைகளுக்கு உயரம் எழுதினார்கள் என்றால், கடற்கரைப் பிள்ளைகளுக்கு மலைப் பாடத்தில் பங்கில்லை என்று யார் சொல்ல முடியும்?

அளக்கும் வேலை தொடங்கியதும் நம் ஊரில்தான். 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய நில அளவையாளர் சென்னை பரங்கிமலைப் பக்கம் சங்கிலி போட்டு, மற்ற கணக்குக்கெல்லாம் அடிப்படையான முதல் நேர்கோட்டை அளந்தார். அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக வடக்கே போய் ஐம்பது வருஷம் கழித்து இமயத்தை எட்டினார்கள். நேபாளம் உள்ளே விடாததால் நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் அதிகமான தூரத்தில் பீகார் சமவெளியில் நின்றபடி கோணம் பார்த்தார்கள். அந்தக் கணக்குகளைப் போட்டவர் வங்காளத்து ராதாநாத் சிக்தார். அப்போது பதினைந்தாம் எண் சிகரம் என்று மட்டுமே அழைக்கப்பட்ட எவரெஸ்ட்டுக்கு அவர்கள் 1856-இல் வெளியிட்ட உயரம் 29,002 அடி, இன்றைய கணக்குக்கும் அதற்கும் பத்து மீட்டர் வித்தியாசம்கூட இல்லை. மலையில் ஒருவரும் காலே வைக்காமல்! ஜார்ஜ் எவரெஸ்ட் பெயர் தெரிந்த பிள்ளைகளுக்கு சிக்தார் பெயர் தெரியவில்லை. உங்கள் பக்கத்தில் அரைப்பக்கத்துக்கு எவரெஸ்ட் படம் இருந்தது, அதில் ஒரு ஓரத்தைக் குறைத்து அவர் பெயரைப் போட்டிருக்கலாம்.

எவரெஸ்ட் வரியிலும் இரண்டு சங்கதி. ஒன்று, அதை நேபாளத்துக்கு மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். அது நேபாள சீன எல்லைக்கோட்டின் மேலேயே நிற்கிறது, சீனாவுக்கும் அதுதான் உயரமான சிகரம். இரண்டு, 8848 என்று நிறுத்திவிட்டீர்கள். சீனா 2005-இல் பனியை விட்டுவிட்டுப் பாறை வரைக்கும் அளந்து 8844.43 என்றது, நேபாளம் பனியோடு சேர்த்துத்தான் உயரம் என்று 8848-ஐ விடவில்லை. பல வருஷம் இப்படி இழுத்துக்கொண்டு கிடந்து, கடைசியில் இரண்டு நாடும் சேர்ந்து 2020 டிசம்பரில் 8848.86 மீட்டர் என்று அறிவித்தன. அந்த .86 பல புத்தகங்களில் இன்னும் வந்து சேரவில்லை. பனியைச் சேர்ப்பதா வேண்டாமா என்பது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஸ்வீடனில் அதுதான் பிரச்சினையே. கெப்னெகைசே மலைக்கு இரண்டு உச்சி, தெற்கு உச்சிக்கு மேல் பனிப்பாறைத் தொப்பி, அதுதான் நாட்டிலேயே உயரம் என்று காலம் காலமாக எழுதினார்கள். பனி உருகி உருகி 2019-இல் அது வடக்கு உச்சியைவிடத் தாழ்ந்துபோனது. இப்போது வடக்கு உச்சியின் பாறை, சுமார் 2097 மீட்டர். ஐரோப்பாவின் மாண்ட் பிளாங்கை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அளக்கிறார்கள், 2021-இல் 4807.81, 2023-இல் 4805.59. எந்த வருஷத்து அளவு என்று போடாமல் தசமப் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் போடுவதில் என்ன பயன்?

மாலத்தீவு வரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2.4 மீட்டர் என்று பழைய பட்டியல்களில் இருப்பதை அப்படியே எடுத்திருக்கிறீர்கள். அங்கே அத்து பவளத்தீவுக் கூட்டத்தில் வில்லிங்கிலி என்ற தீவில் கோல்ஃப் மைதானத்தில் உள்ள ஒரு மேடு 5 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. ஒரு நாட்டின் சிகரமே எங்கள் ஊர் தென்னை மரத்துக்குப் பாதிகூட வராது என்றதும் வகுப்பே சிரித்தது, அப்புறம் கடல் ஏறினால் அவர்கள் எங்கே போவார்கள் என்று ஒரு பெண் கேட்டாள். 1964 புயலில் தனுஷ்கோடி போன கதையை வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், அவர்களுக்கு அது வெறும் பொது அறிவுக் கேள்வி இல்லை.

தீவுகளைச் சேர்ப்பதா என்பதும் ஒரு முடிவுதான். ஸ்பெயினுக்கு தெய்தே, 3715 மீட்டர் என்று சரியாகப் போட்டீர்கள், அது ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் கனேரித் தீவுகளில் இருக்கும் எரிமலை. அதே நியாயப்படி ஆஸ்திரேலியாவுக்கு கோஸ்சியுஸ்கோ, 2228 மீட்டர் வரக்கூடாது, அண்டார்டிகாவை நோக்கி இருக்கும் ஹெர்ட் தீவின் மாசன் சிகரம், 2745 மீட்டர் வர வேண்டும். ஒன்றுக்குத் தீவைச் சேர்த்து இன்னொன்றுக்கு விட்டுவிட்டீர்கள். மலேசியாவுக்கு கினபாலு, 4095 மீட்டர், அது போர்னியோவில். ஈப்போவிலும் கிள்ளானிலும் இருக்கும் நம் சொந்தக்காரர்கள் அதைப் பார்க்க விமானம் ஏற வேண்டும். இது மட்டும்தான் இன்னும் எங்கள் பிள்ளைகள் கேட்காத கேள்வி, கேட்பார்கள்.

ஐயா, நான் கேட்பது ஒன்றே ஒன்று. அடுத்த முறை இந்த அட்டவணையைப் போடும்போது நான்காவதாக ஒரு கட்டம் சேருங்கள், குறிப்பு என்று தலைப்பு வைத்து. எல்லையில் இருக்கிறதா, தகராறு உண்டா, தீவில் இருக்கிறதா, எந்த வருஷம் அளந்தது. நாட்டுக்கு நாலைந்து வார்த்தை போதும், பெரும்பாலான நாடுகளுக்கு அதுவும் வேண்டாம். இடம் போதவில்லை என்றால் படத்தைச் சிறிதாக்குங்கள். தமிழ்நாட்டுக்குத் தொட்டபெட்டா 2637, தென்னிந்தியாவுக்கு ஆனைமுடி 2695 என்று கடைசியில் போட்ட இரண்டு வரி நன்றாக இருந்தது, அதை எடுத்துவிடாதீர்கள், இரண்டையும் மாற்றி எழுதுகிறவர்கள் நிறைய.

இவ்வளவு நீளமாக எழுதினால் சுருக்கித்தான் போடுவீர்கள் என்று தெரியும். சுருக்குங்கள், பின்லாந்தையும் ஸ்வீடனையும் தாராளமாக வெட்டிக்கொள்ளுங்கள். இலங்கை வரியையும் இந்தியா வரியையும் மட்டும் விட்டுவிடாதீர்கள், இன்னும் இரண்டு வாரத்தில் இங்கே அடுத்த வினாடி வினா, நடத்துபவரும் அதே ஆள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தங்கச்சிமடம், ராமநாதபுரம் மாவட்டம்.